சைவ ஆபரேஷன்

அந்தக் காலத்தில் வயிற்றை அறுத்தால் உள்ளே தைக்கிற நூல் கண்ணாடிக் குழாயில் அடைத்து வரும். குழாய் ஒரு சுண்டுவிரல் நீளம் இருக்கும். இரண்டு முனையும் உருக்கி மூடியிருக்க, உள்ளே ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் தேன் நிறத்தில் நூல் சுருண்டு கிடக்கும். குழாயைச் சுத்தமான துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஒடிக்க வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். ராயபுரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் நான். அந்தச் சத்தத்தை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. அதில் ஒரு நாள் கேட்டது மட்டும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. போன மாதம் என் தம்பி பேரனுக்குக் குடல்வால் எடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய காலை இழுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வயிற்றில் தையலையே காணோம், ஏதோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களாம். எதில் செய்த பசை என்று கேட்டேன். அங்கிருந்த சின்ன டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல பாட்டி” என்றார். எங்கள் காலத்தில் ஒருவர் கேட்டார். கேட்டதோடு விடாமல் என்னைப் பதினோரு வருஷம் நிம்மதியாக இருக்கவிடாமல் அடித்தார்.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் கயிறு, சணல், கோணி, நூல்கண்டு என்று மொத்த வியாபாரம் செய்தவர். துறைமுகத்துக் கிடங்குகளுக்கு மூட்டை கட்டும் கயிறு பாதிக்கு மேல் அவர் கடையிலிருந்துதான் போகும். கழுத்தில் ருத்திராட்சம், நெற்றியில் பட்டை விபூதி, பரம்பரைச் சைவம். மீன் வாடை வந்தால் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். எங்கள் பக்கத்தில் மீன் வாடை இல்லாத காற்று ஏது? அதனால் தெருவில் இறங்கினால் துண்டு மூக்கில்தான் இருக்கும். நூல் என்று வந்துவிட்டால் மட்டும் துண்டை எடுத்துவிடுவார். ஒரு முழம் நூலைக் காதுக்குப் பக்கத்தில் இழுத்துப் பிடித்து விரலால் சுண்டி, வருகிற சத்தத்தை வைத்தே எத்தனை இழை, எந்த ஊர் மில், மழையில் நனைந்த பஞ்சா என்றெல்லாம் சொல்லிவிடுவார் என்று பேச்சு. “வேற எதுல வேணும்னாலும் என்னைய ஏமாத்திப்புடலாம், நூல்ல முடியாது” என்பார். முதலில் கேட்டபோது எனக்கு அது வெறும் பெருமைப் பேச்சாகப் பட்டது. பின்னால் அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கிருந்து நழுவிவிடுவேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் எங்களிடம் வந்தார். தொப்புள் வழியாகக் குடல் பிதுங்கி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அதன் மேல் கோணித் துண்டை மடித்து வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டி ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார். எங்கள் பெரிய டாக்டர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர், சுருக்கமாகப் பேசுவார். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இது என்னைக்காவது உள்ள போகாம சிக்கிக்கும். சிக்கினா குடல் அழுகிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வாரமே தைச்சுடலாம்” என்றார். அண்ணாச்சியும் பயந்துபோய் அன்றே சேர்ந்துவிட்டார். எங்கள் வார்டு ஆயா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆயா காசிமேட்டுக்காரி. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று நினைப்பவள். தைக்கிற நூல் எந்த ஊர்ச் சரக்கு என்று அண்ணாச்சி தொழில் ஆசையில் அவளிடம் விசாரித்திருக்கிறார்.

“இன்னா அண்ணாச்சி, இத்தினி வருசமா நூல் வியாபாரம் பண்றே, இது தெரியாதா ஒனக்கு? ஆட்டுக் கொடலைத்தான் சொரண்டி, திரிச்சு, கண்ணாடில போட்டு வச்சுகிறாங்க. அதோ, அந்த அலமாரில கீது பாரு. கடைசி கட்டில் ஆளுக்கு நேத்து அத்த வச்சுத்தான் தெச்சாங்க. இன்னா ஜோராத் தூங்கிகினு கீறான் பாரு!”

நான் வார்டுக்குள் போனபோது கட்டில் காலி. அண்ணாச்சி வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நடந்த பேரத்தை நினைத்தால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். டாக்டர் கடைக்கு ஆள் அனுப்புவார். அண்ணாச்சி வருவார், வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார். பட்டு நூலில் தைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். பட்டுக்குப் புழுவைக் கொல்லுகிறார்களே என்றார் அண்ணாச்சி. “உங்க கல்யாணத்துக்கு நீங்க பட்டு வேட்டி கட்டலையா?” என்று டாக்டர் மடக்கினார். “கட்டினேன். வெளியலா கட்டினேன், முழுங்கலியே!” என்று பதில் வந்தது. குதிரை வால் முடியில் தைப்பதுண்டு என்றதற்கு, “குதிரை வாலைத் தொப்புள்ல வச்சுக்கிட்டு நான் எப்பிடிக் கோயிலுக்குள்ள நொழைவேன்?” என்றார். வெள்ளிக் கம்பிக்கு மட்டும் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் வந்து, வயிற்றுக்குள் வெள்ளி இருப்பது வெளியே தெரிந்தால் எவனாவது அறுத்து எடுத்துவிடுவான் என்று அதையும் தள்ளிவிட்டார். இதற்குள் எலுமிச்சம்பழம் மாங்காயாகிவிட்டது. கடைசியில் டாக்டருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பட்டாளத்தில் ஆட்டுக்குடல் நூல் கப்பலில் வந்து சேராத நாட்களில், சாதாரணப் பருத்தி நூலை அவித்து வயிறுகளைத் தைத்திருக்கிறார். பருத்தி சம்மதமா என்று கேட்டார்.

“பருத்தி செடியிலலா காய்க்குது! இத மொதல்லயே சொன்னா நான் ஏன் ஓடுதேன்? ஆனா ஒண்ணு டாக்டரய்யா, நூலு என் நூலாத்தான் இருக்கணும்.”

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அவரே குறித்தார். வியாழக்கிழமை காலையில் நூல் வந்தது. கடையிலிருந்த கண்டுகளையெல்லாம் காதில் சுண்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கண்டாம். அதை நேராக எங்களிடம் அனுப்பியிருந்தால் பிரச்சினையில்லை. திருவொற்றியூர் அம்மன் பாதத்தில் வைத்து, மஞ்சள் தண்ணீரில் முக்கி, குங்குமம் தடவி, வாழையிலையில் மடித்து அனுப்பியிருந்தார். வயிற்றுக்குள் போகிற நூலில் மஞ்சளும் குங்குமமும் இருக்கக் கூடாது. கத்தி, கத்தரி அவிக்கிற மாதிரியே சலவைச் சோடா போட்ட தண்ணீரில் நூலையும் போட்டு அவித்தேன். மஞ்சளோடு சோடாக் காரம் சேர்ந்தால் என்ன நிறமாகும் என்பது ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நான் மாதா கோயில் தெருவில் பிறந்தவள். மூடியைத் திறந்தால் நூல் ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. மறுபடி அவித்தேன், கறை முழுதாகப் போகவில்லை. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவைத்தேன், வெளுத்தது. அந்த வாடை போக இன்னொரு தடவை அவித்தேன். சாயங்காலம் பாலாக வெளுத்த நூலைப் பார்த்துவிட்டு, வேலை சுத்தமாக முடிந்தது என்று சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப் போகவைத்துத்தான் ஆபரேஷன். அண்ணாச்சி முழு நினைவோடு படுத்திருந்தார். அவர் பார்த்துவிடாதபடி மார்புக்கு மேலே ஒரு துணித் திரை. டாக்டர் பிதுங்கிய குடலை உள்ளே தள்ளிவிட்டு, சவ்வைத் தைக்க நூல் கேட்டார். கொடுத்தேன். முடிச்சுப் போட்டு இழுத்தார். நூல் சத்தமே இல்லாமல் விட்டுப்போனது. இன்னொன்று கொடுத்தேன், அதுவும் போனது. மூன்றாவதை அவர் கையிலேயே வைத்து இழுத்தார். நனைந்த அப்பளம் மாதிரி பிரிந்து வந்தது. முகமூடிக்கு மேலே அவர் கண் இரண்டும் என்னைப் பார்த்தன. என்ன செய்தாய் என்று தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் கேட்டார். ப்ளீச்சிங் பவுடர் என்று நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். வயிறு திறந்து கிடக்கிறது. முதுகு ஊசியின் மரப்பு ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். தியேட்டரில் அவித்து வைத்த வேறு பருத்தி நூல் ஒரு இழை கிடையாது. டாக்டர் கண்ணாலேயே அலமாரியைக் காட்டினார். நான் குழாயை எடுத்துத் துணியில் சுற்றி ஒடித்தேன்.

“நர்சம்மா, அது என்ன சத்தம்?” திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மருந்துக் குழாய் அண்ணாச்சி.”

“நம்ம நூல்தான போடுதாரு?”

டாக்டரின் கை நின்றது. அவர் பதில் சொல்லியிருக்கலாம். பட்டாளத்தில் குண்டுக்கு நடுவே நின்ற மனிதர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். “ஆமாம் அண்ணாச்சி, உங்க நூல்தான்” என்றேன் நான்.

“பார்த்தியா, எப்பிடி நிக்கி! காதுல சுண்டிப் பார்த்த நூலுலா!” என்று அவர் மேற்கூரையிடம் சொல்லிக்கொண்டார். நான் மொத்தம் ஐந்து குழாய் ஒடித்தேன். ஒவ்வொரு ‘டக்’குக்கும் அவர், “மருந்தைத் தாராளமாப் போடு, நர்சம்மா” என்றார். மேல் தோலை மட்டும், கண்டின் நடுவில் ப்ளீச்சிங் எட்டாமல் பிழைத்திருந்த கொஞ்சம் நூலைத் தேடி எடுத்து இரட்டையாகக் கோத்து டாக்டர் தைத்தார். வெளியே வந்து கை கழுவும்போது, “அது ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்” என்றார். தேறி வீட்டுக்குப் போகிற அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் அண்ணாச்சிக்குக் கை கூப்பி அனுப்பிவைத்துவிட்டோம்.

சொல்வதற்கு அவர் இடம் கொடுத்தால்தானே! படுக்கையில் இருந்த பத்து நாளும் கைக்கண்ணாடியை வயிற்றுக்கு மேலே பிடித்துத் தையலைப் பார்த்துப் பூரித்துப் போனார். தையல் பிரித்தபோது அந்தத் துணுக்குகளைக் கேட்டு வாங்கிக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வேட்டியை இறக்கித் தழும்பைக் காட்டினாராம். ஒரு மாதத்துக்குள், “இங்கதான் சைவ ஆபரேஷன் பண்ணுதாங்களாமே?” என்று தெற்கத்தி வியாபாரக் குடும்பங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றன. டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு எனக்குப் பருத்தி நூலை எப்படி அவிப்பது என்று உட்காரவைத்துச் சொன்னார். வெறும் தண்ணீரில் ஒரே தடவை, சோடா கிடையாது, அம்மனிடமும் போகக் கூடாது. நான் ஒவ்வொரு கண்டையும் இழுத்துப் பார்த்துத்தான் வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் நிஜமாகவே பருத்தியில் தைத்தோம். ஆக, சைவ ஆபரேஷனுக்குப் பேர்போன எங்கள் ஆஸ்பத்திரியில் சைவ ஆபரேஷன் நடக்காத ஒரே சைவர், அதைத் தொடங்கிவைத்த அண்ணாச்சிதான். அவரோ புதிதாக வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, “சந்தேகமா இருந்தா இந்த நர்சம்மாவக் கேளும்” என்று என் முன்னால் நிறுத்துவார். நான் தலையாட்டுவேன். வருஷக்கணக்காக ஆட்டினேன்.

மனசு பொறுக்காமல் அடுத்த தபசு கால நோன்பில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். “சாமி, ஒரு சைவக்காரர் வயித்துல ஆட்டை வச்சுத் தைச்சுட்டோம்.” பாவம் கேட்கும் கூண்டுக்குள்ளிருந்து, “முழு ஆடா?” என்றார். இல்லை, குடல் மட்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். என்றைக்கு நடந்தது என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். “வெள்ளிக்கிழமையா!” என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கு அன்றைக்கு மாமிசம் விலக்கு. அபராதமாக, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னார். கூடவே, அந்தச் சைவக்காரர் தாங்குகிற நேரம் பார்த்து உண்மையை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். மந்திரத்தை அன்று சாயங்காலமே சொல்லி முடித்தேன். மற்றதற்கு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய டாக்டர் காலமானார். அவரோடு என் பொய்யில் பங்கு வைத்திருந்த ஒரே ஆளும் போனார்.

பதினோரு வருஷம் கழித்து அண்ணாச்சி மறுபடி வந்தார். அடிவயிற்றில் வலது பக்கம் இன்னொரு குடல் இறக்கம். ஆள் இளைத்திருந்தார், குரல் மட்டும் இளைக்கவில்லை. புதிதாக வந்திருந்த இளம் டாக்டரிடம், “அதே நூலு, அதே நர்சம்மா. வேற பேச்சு கிடையாது. இத்தனை வருசத்துல ஒரு இழை விட்டுதா பாரும்” என்று பழைய தழும்பைத் திறந்து காட்டினார். டாக்டர் அழுத்திப் பார்த்து அசந்துபோனார். “பிரமாதமா ஆறியிருக்கு. அதையே போட்டுடலாம். என்ன நூல் சிஸ்டர் அது?” என்று என் பக்கம் திரும்பினார். அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக, “நீயே சொல்லு நர்சம்மா. நீ சொன்னாத்தான் நல்லாருக்கும்” என்றார்.

அதே நூல் என்றால் அது ஆடு. பருத்தி என்றால் அது பொய். அன்றைக்குத் திரை ஒன்று நடுவில் இருந்தது. இப்போது அவர் கண் என் முகத்தில் இருந்தது. என்னால் முடியவில்லை. “அண்ணாச்சி, உங்க நூல் அன்னைக்கு அறுந்துபோச்சு. நான்தான் கண்டதையும் போட்டு அவிச்சுக் கெடுத்தேன். உள்ள தைச்சது ஆட்டுக் குடல். நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கை மெல்லத் தொப்புள் பக்கம் போனது.

“இப்பமும் உள்ள இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி. அப்பவே கரைஞ்சு போயிருக்கும்.”

“கரைஞ்சு எங்கன போச்சு?”

“உங்க உடம்போடயே சேர்ந்துருச்சு.”

தொப்புளிலிருந்து கையை எடுத்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் பார்க்காமல் டாக்டரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஆயா என்னைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லாம வுட்டிருந்தா இன்னா கொறஞ்சி பூட்டுது ஒனக்கு? பதினோரு வருசமா வவுத்துல சொம்மா இருந்த ஆட்டைத் தட்டி எழுப்பி வுட்டுட்டியே!” அன்றைக்கு அவரை முதலில் விரட்டியடித்தவளே அவள்தான். அதைச் சொன்னால் அடிக்க வருவாள் என்பதால் சொல்லவில்லை.

ஒன்பது நாள் அவர் வரவில்லை. கடைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தோம். யாரோடும் பேசுவதில்லையாம், பாலும் பழமும்தான் ஆகாரமாம். இறங்கிய குடல் சிக்கிக்கொண்டால் அரை நாளில் நிலைமை மோசமாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். வாசலில் கைவண்டி வந்து நின்றாலே, அவரைத்தான் தூக்கி வருகிறார்களோ என்று ஓடுவேன். அவர் போய்விட்டால் கொன்றது நான்தான். பொய் சொல்லி ஒரு தடவை காப்பாற்றியவரை உண்மையைச் சொல்லிச் சாகடித்துவிட்டேனே என்று மாதா முன்னால் முழங்காலில் நின்று புலம்பினேன்.

ஆடி அமாவாசையன்று மத்தியானம் அவர் தானாக நடந்து வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, காலெல்லாம் கடல் மணல், விரல் இடுக்கில் எள் ஒட்டியிருந்தது. “திருவொற்றியூர்க் கடற்கரையில திதி குடுத்துட்டு நேரா வாரேன்” என்றார்.

“யாருக்கு அண்ணாச்சி?”

“யாருக்கா? அந்த ஆட்டுக்குத்தான். பதினோரு வருசமா என் உடம்புக்குள்ள இருக்கு, ஒரு வாய் தண்ணி எறைக்கல. எனக்குத் தெரிஞ்சாலா எறைப்பேன்? ஐயரு கோத்திரம் கேட்டாரு. சிவகோத்திரம்னேன். பேரு கேட்டாரு. தெரியாதுன்னேன். சரி, செத்தவரு ஒமக்கு என்ன முறைன்னு கேட்டாரு. அங்கனதான் நர்சம்மா எனக்கு நாக்கு நின்னு போச்சு. அப்பன்னு சொல்ல முடியுமா, பிள்ளைன்னு சொல்ல முடியுமா? என் வயித்த மூடுததுக்காக எனக்கு முந்திப் போனது. அண்ணன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அடக்க முடியவில்லை, நின்ற இடத்திலேயே அழுதேன். கதவோரம் நின்ற ஆயாவும் மூக்கை உறிஞ்சினாள். ஆட்டை உறவாக்கிக்கொண்ட பிறகு இனி அவருக்கு எந்த நூலானாலும் ஒன்றுதான் என்று நினைத்து, டாக்டரிடம் எதைப் போடச் சொல்ல என்று கேட்டேன்.

“பருத்தியே போடச் சொல்லு” என்றார் அண்ணாச்சி, கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டே. “எனக்கு ஒரு அண்ணன் போதும்.”